துன்பமும் சுதந்தரமும்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வந்து குடியேறிய தமிழர் பலருடைய வீட்டில் பழைய தகரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் பட்டாவின் நகலோ, பாகப்பிரிவினைப் பத்திரமோ, தந்தையார் தம் கைப்பட எழுதிய கடிதமோ மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த நிலத்தை நாம் உழுவதில்லை; அதன் விளைச்சல் நம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்வதும் இல்லை. ஆயினும் அக்காகிதத்தை எறிந்துவிட நமக்கு மனம் வருவதில்லை. நமக்கும் ஓர் ஊர் உண்டு, நாமும் இன்னாருடைய மக்கள் என்பதற்கு அது சான்றாக இருக்கிறது. தந்தைவழி வரும் பங்கில் மண்ணைக் காட்டிலும் உறவே பெரிதாக நிற்கிறது.

இந்த உரிமை என்னும் எண்ணத்தைத் துன்பத்தோடு சேர்த்துப் பிணைத்திருக்கிறது கிறிஸ்தவ சமயம். மனிதர்க்குத் துன்பம் ஏன் வருகிறது என்னும் வினாவை எல்லாச் சமயங்களும் எழுப்பியுள்ளன. அவ்வினாவைப் பற்றிப் பேசும்போது கிறிஸ்தவ நூல்கள் பல இடங்களில் பத்திரப் பதிவு அலுவலகத்துச் சொற்களைக் கையாளுகின்றன. தந்தை, மகன், சுவிகாரம், வாரிசு, பங்கு என்பன அச்சொற்கள். வேதனையைப் பற்றிப் பேசுமிடத்தில் வாரிசுரிமைக்கு என்ன வேலை என்று நமக்கு வியப்பு உண்டாகிறது. இன்று அதனைச் சிறிது ஆராய்வோம்.

சட்டங்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்குவது நம் தொழில். ஆகலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் பலர் அப்பணியைச் செப்பனிட்டனர். சீர்திருத்தச் சபையினர் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் தமிழ் வேதாகமத்தில் வாரிசுரிமையைக் குறிக்கச் ‘சுதந்தரம்’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அவ்வுரிமையை உடையவர் ‘சுதந்தரவாளி’ எனப்படுகிறார். இக்காலத்தில் சுதந்திரம் என்றால் விடுதலை என்றே நாம் பொருள் கொள்கிறோம். 1947-ஆம் ஆண்டுக்குப் பின் வேறு பொருள் நம் நினைவுக்கே வருவதில்லை. பழைய நாளிலோ, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் ஊர்த் தொழிலாளர்க்கு அளந்து கொடுத்த வழிவழிப் பங்குக்கும் சுதந்திரம் என்றே பெயர் இருந்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, ‘உரிமைப்பேறு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. பொருள் தெளிவாயிற்று, எனினும் பழைய சொல்லில் இருந்த களத்துமேட்டு மணம் அதில் இல்லை.

துன்பத்தைக் குறிக்க அவ்வேதாகமம் ‘பாடு’ என்கிறது. இயேசு சிலுவையில் பட்ட வேதனையைப் ‘பாடுகள்’ என்றே கிறிஸ்தவர் வழங்குவர். நம் வழக்கிலோ பாடுபடுதல் என்பது உழைத்தலையும் குறிக்கும். உழவர் பாடுபட்டுக் கூலி பெறுகிறார். இங்கேதான் தமிழ் படிப்பவர் ஒரு பிழையில் வீழ்தல் கூடும். பாடுபட்டால் பங்கு கிடைக்கும் என்றால், வேதனை ஒரு வேலை, விண்ணுலகம் அதற்குக் கூலி என்று கொண்டுவிடலாம் அன்றோ? கிறிஸ்தவக் கோட்பாடு அதுவன்று. கூலி வேறு, சுதந்தரம் வேறு. கூலியை அயலாரும் பெறலாம். சுதந்தரத்தைப் பெறப் பிள்ளையாக இருத்தல் வேண்டும்.

பவுல் அடியார் உரோமைத் திருச்சபைக்கு எழுதிய மடலின் எட்டாம் அதிகாரத்தில் இதனை வரிசையாக எடுத்துரைக்கிறார். முதலில் மனிதர் கடவுளுக்குச் சுவிகாரப் பிள்ளைகள் ஆகின்றனர் என்கிறார். பிள்ளைகளானால் வாரிசுகள் என்கிறார். அடுத்து, கிறிஸ்துவோடு கூட்டு வாரிசுகள் என்கிறார். அதன் பின்னரே, அவரோடு சேர்ந்து துன்புறுதலைப் பற்றிக் கூறுகிறார். மூலமாகிய கிரேக்க மொழியில் இவ்விடத்தில் ‘உடன்’ என்னும் பொருள் தரும் முன்னொட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. உடன் வாரிசு, உடன் துன்புறுதல், உடன் மகிமை பெறுதல் என்று அவர் அடுக்குகிறார். அவருடைய கருத்தின் பாரம் முழுவதையும் அச்சிறு சொல்லே தாங்குகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

உரோமைப் பேரரசில் சுவிகாரம் என்பது வெறும் உவமை அன்று. சுவிகரிக்கப்பட்டவர் பெற்ற மகனுக்குரிய உரிமையை அடைந்தார். பேரரசே அவ்வழியில் கைமாறியது உண்டு. தத்துவ ஞானி எனப் புகழ்பெற்ற மார்க்குஸ் அவுரேலியுஸ் 138-ஆம் ஆண்டில் சுவிகரிக்கப்பட்டு, 161-இல் பேரரசர் ஆனார். மற்றொரு பக்கத்தில் அடிமைகள் இருந்தனர். அவர்களுக்குச் சட்டத்தின் கண்ணில் தந்தை இல்லை, சொத்து இல்லை, தமக்கென ஒரு பங்கைப் பெறும் உரிமையும் இல்லை. அத்தகையோர் கூடியிருந்த சபையில் பவுலின் மடல் படிக்கப்பட்டபோது, ‘நீங்கள் வாரிசுகள்’ என்ற செய்தி எத்தகைய அதிர்ச்சியை விளைத்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வாரிசுக்குத் துன்பம் ஏன்? இயேசு கூறிய உவமை ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. திராட்சைத் தோட்டத்துக்கு உடையவர் ஒருவர் அதனைக் குத்தகைக்கு விட்டுத் தொலைநாடு செல்கிறார். பங்கைக் கேட்டு வந்த ஏவலர்களைக் குத்தகைதாரர் அடித்துத் துரத்துகின்றனர். இறுதியில் தம் அன்பு மகனையே அவர் அனுப்புகிறார். இவனே வாரிசு, இவன் ஒழிந்தால் தோட்டம் நமதாகும் என்று சொல்லி அவர்கள் அவனைக் கொன்றுவிடுகின்றனர். அம்மகன் தோட்டத்தைச் சம்பாதிப்பதற்காகச் சாகவில்லை. வாரிசாக இருந்ததனாலேயே கொல்லப்பட்டான். வாரிசு என்பதனால் வரும் துன்பம் ஒன்று உண்டு என்பதும், மூத்த மகன் பட்டதை இளையோரும் ஓரளவு பகிர்ந்துகொள்ள நேரும் என்பதுமே இக்கோட்பாட்டின் சாரம்.

பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் மடலும் இப்பொருளையே பேசுகிறது. அம்மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பது நம் போன்றோர் கருதத்தக்கது. பொந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா என்னும் ஐந்து மாநிலங்களில் சிதறி வாழ்ந்தவர்க்கு அது எழுதப்பட்டது. இன்றைய துருக்கி நாட்டில் அடங்கும் பகுதிகள் அவை. அம்மக்களை மடலாசிரியர் அந்நியர் என்றும் வழிப்போக்கர் என்றும் அழைக்கிறார். நிலம் இல்லாதவர்க்கு, அழிவற்ற உரிமை ஒன்று காக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கூறுகிறார். வரவிருக்கும் சோதனைகளை அதன் பிறகே பேசுகிறார்.

இவையெல்லாம் ஏட்டில் எழுதிய சொற்கள். வாழ்வில் இவை எவ்வாறு நின்றன என்பதற்கு மெய்யான வரலாறு ஒன்றைக் காண்போம். பிரான்சு நாட்டில் ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் லியோன் நகரம் இருக்கிறது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அது உரோமையர் ஆண்ட கால் நாட்டின் தலையாய நகரம். வணிகமும் தொழிலும் நாடிக் கிழக்கே ஆசிய மாநிலத்திலிருந்தும் பிரிகியாவிலிருந்தும் சென்றவர் பலர் அங்கே வாழ்ந்தனர். வீட்டில் கிரேக்கமும் வெளியில் இலத்தீனும் பேசிய அம்மக்களிடையே ஒரு சிறு கிறிஸ்தவ சபை இருந்தது. அதன் தலைவர் போத்தினுஸ். தொண்ணூறு வயதைக் கடந்தவர்.

177-ஆம் ஆண்டில் அச்சபைக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அதனை அவர்களே கிரேக்க மொழியில் ஒரு மடலாக எழுதித் தாயகத்துச் சபைகளுக்கு அனுப்பினர். நாலாம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய செசரியா நகரத்து ஆயர் யுசேபியுஸ் அம்மடலின் பெரும்பகுதியைத் தம் நூலில் சேர்த்துவைத்தமையால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. வெளியூரில் வாழ்பவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அது என்பதனை நாம் மறத்தலாகாது.

துன்பம் சிறியதாகவே தொடங்கியது. முதலில் அவர்கள் பிறர் வீடுகளுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. பிறகு பொதுக் குளியலிடங்களும் சந்தையும் அவர்களுக்கு மூடப்பட்டன. பின்னர்க் கூச்சலும் கல்லெறியும் வந்தன. அதன் பின்னரே சிறையும் விசாரணையும் வந்தன. அயலூரில் வாழ்ந்து அறிந்தவர்க்கு இவ்வரிசையில் முதற்படிகளின் கூர்மை விளங்கும்.

விசாரணையில் சாங்துஸ் என்னும் திருத்தொண்டர் நிறுத்தப்பட்டார். பெயர் யாது, ஊர் எது, இனம் எது, அடிமையா உரிமையுடையவரா என்று வினவினர். எல்லா வினாவுக்கும் தாம் கிறிஸ்தவர் என்னும் ஒரே விடையை அவர் இலத்தீன் மொழியில் கூறினார். பத்திரத்தில் ஒருவரை அடையாளம் காட்டும் விவரங்கள் அத்தனைக்கும் ஈடாக அவர் அந்த ஒரு சொல்லையே வைத்தார். தாம் யாருடைய பிள்ளை என்பதை மட்டும் சொன்னால் போதும் என்று அவர் கருதினார் போலும்.

பிளாண்டினா என்னும் அடிமைப் பெண்ணும் பிடிபட்டாள். அவளுடைய எசமானியும் கிறிஸ்தவரே. அவரும் சிறையில் இருந்தார். ஒரே தந்தையின் மக்கள் என்று நம்பிய சபையிலும் ஒருவர் எசமானியாகவும் மற்றவர் அடிமையாகவும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. பிளாண்டினாவின் மெலிந்த உடல் வேதனையைத் தாங்காது, அவள் மறுதலித்துவிடுவாள் என்று எசமானி அஞ்சினார். நடந்ததோ வேறு. காலை முதல் மாலை வரை முறைபோட்டு வதைத்தவர்களே சோர்ந்துபோயினர் என்று மடல் கூறுகிறது. பின்னர் அவளைக் காட்சி அரங்கில் ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டனர். அந்நிலையில் அவளைப் பார்த்த தோழர்கள், தங்களுக்காகச் சிலுவையில் தொங்கியவரையே அவளிடம் கண்டனர் என்று மடலை எழுதியவர் குறிக்கிறார். சட்டப்படி யாருக்கும் வாரிசாக முடியாத ஒருத்தியிடம் மூத்த மகனின் முகச்சாயலை அவர்கள் கண்டனர். இதைக் காட்டிலும் வாரிசுச் சான்று வேறு என்ன வேண்டும்?

அவ்வாண்டில் அரியணையில் இருந்தவர், சுவிகாரத்தால் பேரரசைப் பெற்ற மார்க்குஸ் அவுரேலியுஸ். உரோமைக் குடியுரிமை உடைய கைதிகளை என்ன செய்வது என்று ஆளுநர் கேட்டு எழுத, மறுதலித்தவரை விடுவித்து மற்றவரைக் கொல்லுமாறு விடை வந்தது. குடியுரிமை உடையோர் பலர் வாளால் மாண்டனர். அவர்களுள் ஒருவராகிய பெர்காமு நகரத்து அத்தாலுஸ் மட்டும், மக்கள் கூச்சலுக்கு இணங்கிக் காட்டு விலங்குகளுக்கு விடப்பட்டார். கடைசி நாளில் எஞ்சியிருந்தவர் பிளாண்டினாவும், பதினைந்து வயது மதிக்கத்தக்க பொந்திகுஸ் என்னும் சிறுவனுமே. அச்சிறுவனுக்கு இறுதி வரை தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு, அதன் பின்னரே அவள் உயிர் நீத்தாள்.

இம்மடலில் நம் உள்ளத்தை மிகவும் தொடும் பகுதி, வீரச்சாவைப் பற்றியதன்று. முதல் விசாரணையில் ஏறத்தாழப் பத்துப்பேர் அஞ்சி மறுதலித்தனர். உறுதியாய் நின்றவர்கள் அவர்களை இகழவில்லை. தாய்க்குரிய பரிவோடு அவர்களுக்காகக் கண்ணீர் விட்டுக் கடவுளிடம் மன்றாடினர். மறுதலித்தவருள் பெரும்பாலோர் மீண்டு வந்தனர். உறுதியாய் நின்றவர்களை யாரேனும் இரத்தசாட்சிகள் என்று அழைத்தால், அப்பெயர் கிறிஸ்துவுக்கே உரியது என்று சொல்லி அவர்கள் அதனை ஏற்க மறுத்தனர்.

நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் பங்காளிகள் பெருகப் பெருகப் பங்கு சிறுத்துப்போகும். நான்கு ஏக்கர், நால்வருக்கு ஆளுக்கு ஒன்றாகும். ஆதலின் ஒரு பங்காளி தவறினால் மற்றவர்க்கு உள்ளூர ஓர் ஆதாயம் உண்டு. லியோன் சிறையில் அக்கணக்கு தலைகீழாயிற்று. தவறியவர் திரும்பி வரும் வரையில் நின்றவர்க்கு நிறைவு இல்லை. ‘உடன்’ என்னும் சொல் அங்கே உயிர் பெற்றது. பட்ட வேதனை அவர்களைப் பிறரினும் உயர்ந்தவர் ஆக்கவில்லை. பிறரை விட்டுப் பிரியாதவர் ஆக்கியது.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பிக்கொள்வது நேர்மை. துன்பத்தைப் பொறு, மறுமையில் உனக்குப் பங்கு உண்டு என்று ஏழைகளுக்குப் போதித்து, அவர்களுடைய இம்மைப் பங்கைப் பிறர் கவர்ந்துகொள்ளவில்லையா? உண்மையே. அமெரிக்க நாட்டுத் தோட்ட முதலாளிகள், அடிமைகள் அடங்கி நடக்க வேண்டும் என்பதற்குப் புதிய ஏற்பாட்டு மடல்களையே சான்று காட்டினர். அடிமையாய்ப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், கிறிஸ்துவின் சமயத்துக்கும் அடிமை முதலாளிகளின் சமயத்துக்கும் உள்ள இடைவெளியைக் கடுமையாக எடுத்துக்காட்டினார். இரண்டையும் வேறு பிரித்தறிய அளவுகோல் யாது? அந்த ‘உடன்’ என்னும் சொல்லே அளவுகோல் என்போம். பொறுத்திரு என்பவர் நம்மோடு வேதனைப்படுகிறாரா, அன்றி நம் வேதனையால் ஆதாயம் அடைகிறாரா என்று பார்த்தல் வேண்டும். பிளாண்டினா பொந்திகுஸுக்குத் தைரியம் சொன்னாள். அவளும் அதே அரங்கில் நின்றாள். லியோன் சபையார் ஆளுநரின் கொடுமையை நன்மை என்று எழுதவில்லை. கொடுமை என்றே எழுதினர். இயேசுவும் நோயாளியைக் கண்டபோது நோயைப் புகழவில்லை, குணமாக்கினார். வேதனை தன்னளவில் யாரையும் வாரிசு ஆக்குவதில்லை.

லியோனில் மாண்டவர்களின் உடல்கள் ஆறு நாள் வெளியில் கிடந்தன. பிறகு அவற்றை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டனர். கல்லறை இல்லை, ஓர் எலும்பும் மிஞ்சவில்லை. ஆயினும் ஒரு மரபு மிஞ்சியது. போத்தினுஸ் சிறையில் இறந்த பிறகு அச்சபைக்கு ஆயர் ஆனவர் இரேனியுஸ். அவர் சிறுவயதில் கிழக்கே சிமிர்னா நகரத்து ஆயராகிய பொலிகார்ப்பின் சொற்களைக் கேட்டவர். அம்முதியவர் அமர்ந்து பேசிய இடமும், அவர் நடந்து வரும் விதமும், அண்மையில் நடந்தவற்றைவிடத் தெளிவாகத் தம் நினைவில் நிற்கின்றன என்று பின்னாளில் அவர் எழுதினார். அந்தப் பொலிகார்ப்பும் இரத்தசாட்சியாக இறந்தவரே. பத்திரம் இல்லாமல், மண் இல்லாமல், ஒருவர் மற்றவர்க்கு விட்டுச்சென்ற உடைமை இது. லியோனில் பழைய காட்சி அரங்கின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. அவை இன்ன அரங்கினுடையவை என்பது 1958-இல் கிடைத்த ஒரு கல்வெட்டால் உறுதியாயிற்று. அக்கல்வெட்டு, அரங்கைக் கட்டிய செல்வர் பெயரைச் சொல்கிறது. அங்கே மாண்ட அடிமைப் பெண்ணின் பெயரைச் சொல்வது, வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய அக்கடிதமே.

முடிக்குமுன் நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். நம் அன்னையார் இறுதி மூன்று ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். நாம் தில்லியிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பினோம், தவறியதில்லை. ஊரில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர் அண்ணியார். தந்தி கிடைத்து, இரண்டு இரவு இரயிலில் கழித்து வீடு சேர்ந்தபோது, அன்னையார்க்கு நம் முகம் விளங்கவில்லை. அண்ணியாரின் கை பட்டவுடன் மட்டும் கண் திறந்தார். காரியங்கள் முடிந்த பின் பாகப்பிரிவினை நடந்தது. அன்னையார் பெயரில் இருந்த நிலத்தில் நமக்கு ஒரு பங்கு வந்தது. அண்ணியார்க்குப் பத்திரத்தில் இடம் இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே அடுப்பருகில் நின்று, அன்னையார் வைக்கும் முறையில் மிளகுக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அன்னையார் கண்ணயரும் நேரத்தில் தம் சிறுவயதுக் கதைகளை அவருக்குச் சொல்லியிருக்கிறார் என்று அன்று இரவு அறிந்தோம். அவற்றுள் ஒன்றைக்கூட நாம் கேட்டதில்லை.

அன்று சட்டம் நம்மை வாரிசு என்றது. அதில் பிழை இல்லை, நாம் பிள்ளைதான். ஆனால் பிள்ளையாகப் பிறந்தும் உடன் இராமற்போனோம். பத்திரத்தில் கையெழுத்திட்டபோது நம் கை சற்றுத் தயங்கியது. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்று, அண்ணியார் அருகில் அமர்ந்து, அக்கதைகளைச் சொல்லுமாறு கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, முதற்கதையைத் தொடங்கினார். பங்கிட்டால் குறையாத உடைமை எது என்பது நமக்கு அன்றுதான் விளங்கியது.

ஊரில் நமக்காகத் துன்பத்தைச் சுமந்துகொண்டிருப்பவர் நம் ஒவ்வொருவர்க்கும் ஒருவர் இருப்பார். பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், இந்த வாரம் அவருக்கு ஒரு கடிதமும் எழுதுவோமாக.